ரேக்கில் முந்நூற்று எண்பது காலி இடங்கள்

என் அக்கா இருபத்தாறு வருடமாகக் கிளை நூலகத்தில் நூலகர். எதிரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். இத்தனை வருட சர்வீஸில் அவள் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. மாதத்துக்கு இரண்டு தடவையாவது அதை எனக்குச் சொல்லிக் காட்டிவிடுவாள். தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கமும் அவளிடம் கிடையாது. சின்ன வயதில் அவள் உடைத்த கண்ணாடி டம்ளருக்கு நான் அடி வாங்கினேன். அது தானாகத்தான் விழுந்தது என்று இன்றைக்கும் சாதிப்பாள்.

நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னட்டையில் ஒட்டிய பட்டைக்கு நேராக ஸ்கேனரை நீட்டினால் 'பீப்' என்று கத்தும், வேலை முடிந்தது. போன வருடம் தலைமை அலுவலகத்தில் நிதி இல்லை என்று மென்பொருளுக்கான வருடக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டார்கள். ஒரு திங்கட்கிழமை திரை வெளுத்துப்போனது. போனில் கேட்டதற்கு, "பழைய மாதிரி கார்டு போட்டுச் சமாளிங்க மேடம்" என்றார்கள்.

பழைய முறை எளிமையானது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கார்டு. எடுத்துப் போகிறவரின் பெயரைக் கார்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சீட்டில் தேதி முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். கார்டுகளை அடுக்கி வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று அக்கா எழுதிக் கேட்டாள். அதற்கும் நிதி இல்லை. மூலையில் சும்மா கிடந்த, புத்தகப் பட்டியல் கார்டுகள் நிறைந்த பழைய கேட்லாக் பீரோவில் ஒரு இழுப்பறையைக் காலி செய்து அதில் வைத்துக்கொண்டாள். கீழ் வரிசை, வலது ஓரம். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு யாரோ மனமிரங்கிக் கட்டணம் கட்ட, திரைக்கு உயிர் வந்தது. கூடவே இரண்டு உத்தரவு. கையால் எழுதியதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள் என்பது ஒன்று. பழைய கேட்லாக் கார்டுகளை எடைக்குப் போட்டுவிட்டு பீரோவை அனுப்புங்கள் என்பது இன்னொன்று. பீரோவுக்கு வண்டி உடனே வருகிறது என்றதால் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொண்டாள். ஆள் வைக்கவா பணம் இருக்கிறது? கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரத் தம்பி இருக்கிறானே.

"எல்லா இழுப்பறையையும் கொட்டுடா" என்று சொல்லிவிட்டு, மணியடித்த போனை எடுக்கப் போனாள். நான் எல்லா இழுப்பறையையும் கொட்டினேன். நான்கு சாக்கு வந்தது. எடைக்கடை வண்டியில் தூக்கிப் போட்டதும் நான்தான்.

மறுநாள் காலை கடைக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கீழ் வரிசை, வலது ஓரம்... அதையும் கொட்டிட்டியா?"

"எல்லாத்தையும்தானே கொட்டச் சொன்ன?"

அவள் திட்டவில்லை. அப்போதுதான் நான் கொட்டியது எதை என்று எனக்கு உறைத்தது. எடைக்கடைக்கு ஓடினேன். சாக்குகள் அன்று விடியற்காலையிலேயே காகித ஆலைக்குப் போய்விட்டனவாம். ஆலைக்குப் போன் போட்டால், வந்ததெல்லாம் கூழாகிவிட்டது என்றார்கள்.

நூலகத்துக்குள் போய்க் காலி இடங்களை எண்ணினோம். முந்நூற்று எண்பது புத்தகங்கள் வெளியே இருந்தன. யாரிடம் எது இருக்கிறது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அத்தனையும் ரேக்கில் பத்திரமாக இருந்தன. வரும் புதன்கிழமை ஆய்வாளர் வந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து பார்ப்பார். அறுபது வரை காணாமல் போனால் மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் போனால் கிளையை மூடிவிடலாம் என்பது புது விதி. எதை மூடலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று மேலே அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

"தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிடேன் அக்கா."

"என்னன்னு சொல்ல? யார்கிட்ட புத்தகம் இருக்குன்னு எனக்கே தெரியாதுன்னா? அதுக்கு வாசல் போர்டை நானே கழட்டிக் குடுத்துடலாம்."

எழுந்து போய் ரேக்குகளுக்கு முன்னால் நின்றாள். புத்தகங்களைப் பார்க்கவில்லை, நடுநடுவே இருந்த காலி இடங்களைப் பார்த்தாள். "தேனீ வளர்ப்பு இல்ல. தையல்காரர் வீடு. எழுதிக்கோ."

"எப்படிச் சொல்ற?"

"அவரை விட்டா அதை எவன் தொடுவான்? இங்க மூணு துப்பறியும் நாவல் சேர்ந்தாப்புல போயிருக்கு, அது நர்ஸம்மா. சர்க்கரை வியாதிக்காரங்க சமையல்... பேக்கரிக்காரர். கடையில தேடாத, கல்லாவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருப்பாரு."

நான் எழுதிக்கொண்டே வந்தேன். எனக்குப் புல்லரித்தது என்றால் மிகையில்லை. கூடப் பிறந்தவள் மண்டைக்குள் இப்படி ஒரு ஊரே உட்கார்ந்திருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

'கணக்கெடுப்பு இருக்கு, புதன்கிழமை சாயங்காலம் திருப்பித் தந்துடறோம்' என்று சொல்லி வீடு வீடாக ஏறினோம். என் ஸ்கூட்டர், அவள் மடியில் சாக்கு. பெரும்பாலானவர்கள் கேட்டதும் கொடுத்தார்கள். ரிட்டயர்டு வக்கீல் மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நான் எப்பவோ குடுத்துட்டேனே. உங்க ரெக்கார்டைப் பாருங்களேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். ரெக்கார்டா? நான் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லவேளையாக உள்ளேயிருந்து அவர் மனைவி, "கட்டில் கால் ஆடுதுன்னு முட்டுக் குடுத்திருக்கீங்களே, அதுவா பாருங்க" என்று குரல் கொடுத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

சனிக்கிழமை இருநூற்றுத் தொண்ணூறு பாக்கி. திங்கட்கிழமை நூற்றுப் பத்து. செவ்வாய்க்கிழமை மாலை ஐம்பத்து நான்கு. அக்கா அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். மூன்று மணி நேரம் 'பீப், பீப்' என்று சத்தம். ஒவ்வொரு ரேக்காக அவர் நகர நகர, அக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். உதவிக்கு என்று சொல்லி நானும் உள்ளே நின்றேன். ஐம்பத்து நான்கு என்றார். இருப்பு சரி என்று எழுதினார். நான் கடையைப் பார்க்கக் கிளம்பினேன்.

"ஆனா ஒண்ணு மேடம்" என்று லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். "அஞ்சு மாசத்துல இங்கேருந்து ஒரு புத்தகம்கூட வெளிய போகல. மத்த கிளைங்க கையால எழுதினதை ஏத்திட்டாங்க. உங்களுது பூஜ்யம். ரேக்கும் நிரம்பி வழியுது. இங்க யாரும் வர்றதில்லைன்னுதான் நான் எழுதணும். அப்படிப்பட்ட கிளையைத்தான் முதல்ல மூடச் சொல்லியிருக்காங்க."

நான்கு நாள் நாயாய் அலைந்து, நூலகத்துக்கு எதிரான சாட்சியை நாங்களே சாக்கில் கட்டிக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறோம்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது மேடம்" என்று அவரே ஆறுதல் சொன்னார். "சர்வீஸ் சுத்தமா இருக்கு. தலைமை நூலகத்துக்கே மாத்திடுவாங்க."

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மெமோ இல்லாத இருபத்தாறு வருடம் அப்படியே இருக்கும். அக்கா ரேக்குக்குப் போய்த் தேனீ வளர்ப்பை எடுத்துவந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். சீட்டில் வரிசையாக முத்திரைகள். துப்பறியும் நாவல் ஒன்றை வைத்தாள். அதில் சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது.

அவர் தேதிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் இந்த அஞ்சு மாசத்து தேதியா இருக்கே. அப்புறம் ஏன் ஏத்தல?"

"கார்டு இல்ல சார். பழைய கார்டோட சேர்த்து எடைக்குப் போட்டுட்டேன்."

"யோசிச்சுதான் சொல்றீங்களா? எழுதிக் குடுக்கணும். மெமோ வரும்."

"பேனா இருக்கு சார்" என்றாள் அக்கா.

அவர் ஒரு ரேக் முழுக்கப் பிரித்து முத்திரைகளை எண்ணினார். வெளியே அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தையல்காரர் ஜன்னல் வழியாக, "நான் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் குடுங்கம்மா" என்று குரல் கொடுத்தார். ஆய்வாளர் ஜன்னலைப் பார்த்தார். அறிக்கையில் 'பயன்பாடு இல்லை' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'பயன்பாடு உண்டு, கிளை தொடரலாம்' என்று எழுதினார்.

நான் கடைக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அக்காவும் தெருவைக் கடந்து வந்து, எழுதிய காகிதத்தை நீட்டினாள். "மூணு காப்பி."

படித்தேன். அவளுடைய குண்டு குண்டான எழுத்து. 'கவனக்குறைவாக எல்லா இழுப்பறைகளையும் நானே கொட்டிவிட்டேன். இது முழுவதும் என் தவறு.'

"அக்கா, கொட்டினது நானாச்சே."

"கொட்டச் சொன்னது யாரு? சீக்கிரம் எடுடா, அங்க வரிசை நிக்குது."

எனக்கு அழுகை வந்தது, மெஷினைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன். என் பெயர் எதிலும் இல்லை.