அப்பாவின் இடது கண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சின்னசேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்பா இறந்துபோனார். அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று நான் நடந்துகொண்டதை இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பெயர் போடாமல் எழுதலாம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நிலம் கிடையாது. சீசனில் கரும்பு வெட்டப் போவார். மற்ற மாதங்களில் கல்வராயன் மலைக்கு ஏறி, வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கிவிடுவார். நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே, சோகை என்கிற காய்ந்த கரும்பு இலை கிழித்து அவருக்கு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கண்பாப்பா முழுக்க வெள்ளையாக இருக்கும். பள்ளியில் எனக்குப் பெயரே 'ஒத்தக்கண்ணன் மவன்'தான். அந்தப் பெயரை அடியோடு வெறுத்தேன். வெறுப்பு பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

படித்துக் கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு முறை அப்பா ஏதோ சொல்வதற்காக அங்கே வந்துவிட்டார். அவரைப் பின்பக்க கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், "இனிமே இங்கெல்லாம் வராதப்பா" என்று சொல்லி அனுப்பினேன். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அவர் வரவே இல்லை.

அவர் இறந்ததும் எனக்கு எங்கிருந்தோ பாசம் பொங்கிவிட்டது. பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும், நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்று ஒரே வேகம். இருந்த ஒரே படம் ஆதார் அட்டையில் இருந்ததுதான். பேனர் கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிவிட்டு, "கண்ணு ஒன்னு வெள்ளையா இருக்குதுண்ணா. அப்டியே வுட்டுரவா, சரி பண்ணிரவா?" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி பண்ணச் சொன்னேன். வலது கண்ணை எடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டினார். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, சலவைச் சட்டையும் தோளில் ஒரு ஜரிகைத் துண்டும் போட்டுவிட்டார். எனக்குப் பரம திருப்தி.

பந்தல் வாசலில் பேனரைக் கட்டியபோது என் தங்கை அண்ணாந்து பார்த்து, "யாருண்ணா இது?" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, வாயை மூடு என்று எரிந்து விழுந்தேன்.

காரியத்தன்று மதியம் அலுவலக ஆட்கள் வந்திருந்தார்கள். மேலதிகாரியைப் பந்தல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அப்பா நல்ல லட்சணமாக இருந்திருக்கிறார் என்று அவர் பேனரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், காலில் செருப்பில்லாமல், கையில் ஒரு துணிப்பையோடு ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"மலையிலேர்ந்து வரேங்க. கெழங்கு புடுங்க வருவாரே, ஒத்தக்கண்ணு அண்ணன், அவரு வூடு எதுங்க? தவறிட்டாருன்னு லாரிக்காரரு சொன்னாரு. காரியத்துக்குக் கொஞ்சம் சாமை அரிசி கொண்டாந்திருக்கேன்."

பேனரை நிமிர்ந்து பார்த்தார். "இவரு இல்லீங்க. எங்க அண்ணனுக்கு எடது கண்ணுல பூ வுழுந்திருக்கும்."

மேலதிகாரி என்னைப் பார்த்தார். அந்த ஒத்தக்கண்ணு அண்ணன்தான் என் அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பேனர் பொய் என்று ஆகிவிடும். "பக்கத்து ஊரா இருக்கும், அங்க கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் காரியத்தில் நின்றுகொண்டு, மொட்டையடித்த தலையோடு சொன்னேன்.

மேலதிகாரிதான் அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். "அண்ணன் வூட்டுல உக்காந்து சாப்புடணும்னு விடிகாலைலேர்ந்து வெறும் வயித்தோட வரேங்க. ஆளு தெரியாத காரியத்துல எப்டிங்க கை நனைக்கறது?" என்று கும்பிட்டுவிட்டு, அந்த வெயிலில் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். தெருமுனையில் அவர் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன், அவ்வளவுதான்.

பத்து நாள் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். கடை கடையாக அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கிழங்கு வேலைக்கு வருகிறவர் என்றேன். அப்படி எத்தனையோ பேர் வருகிறார்கள் என்றார்கள். கடைசியில் ஒரு டீக்கடையில், வாய் கூசக் கூச, "ஒத்தக்கண்ணு..." என்று ஆரம்பித்தேன். முடிக்கக்கூட இல்லை. கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு, "நம்ம அண்ணனுங்களா?" என்று எழுந்து வந்து, அந்தப் பெரியவரின் வீடுவரை தானே கூட்டிக்கொண்டு போனார்.

பெரியவருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. நான்தான் மகன் என்றேன். அவர், "அந்தப் பக்கத்து ஊர்ல எல்லாத் தெருவும் சுத்தினேங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம். அன்றைக்கே வீடு திரும்பி, அந்தச் சாமையைப் பொங்கி, அண்ணன் பெயரைச் சொல்லி அங்கேயே இலை போட்டுப் படைத்துவிட்டாராம்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"சொல்லிக்கினே இருப்பாருங்க. எம்மவன் ஆபீசுல இருக்கான், நான் அந்தப் பக்கம் போறதில்ல, இந்தக் கண்ணோட போயி நின்னா அவனுக்குத்தான கொறைச்சல்னு சொல்லிட்டு சிரிப்பாருங்க."

பின்பக்க கேட்டில் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அப்பா அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பெரியவர் தேற்றவில்லை, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இப்போது ஒவ்வொரு வருடமும் திதி வரும்போது, இதை அப்பாவுக்காகச் செய்கிறேனா, என்னைப் பார்க்கிற நாலு பேருக்காகவா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.