மலையில் எனக்கென்று ஓர் அடுப்பு

போளூரில் ஞாயிற்றுக்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினால், எதிர்வீட்டு மல்லிகா அக்காவுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். "இன்னாம்மா, கெளம்பிட்டீங்க? யார் வூட்டுக்கு?" என்பார். சும்மா ஜவ்வாது மலைப் பக்கம் என்று முதல் வாரம் சொன்னேன். "சும்மாவா? அங்க யாரு கீறாங்க உங்களுக்கு?" என்றார். யாரும் இல்லை என்றதும், நாங்கள் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறோம் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். மலேசியாவில், எங்கள் தெலுக் இந்தானில் ஞாயிறு என்றால் காரில் ஏறுவோம், எங்காவது நிறுத்தி ரொட்டி சானாய் தின்போம், அருவியைப் பார்ப்போம், மாலையில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நாலு பொட்டலம் சாப்பாடு கட்டிக்கொண்டு திரும்புவோம். ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே போகிற இடத்தில் ஒரு மனிதர் இருந்தால்தான் அது பயணம். மூன்றாவது வாரத்திலிருந்து, தேன் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லப் பழகிக்கொண்டேன்.

என் கணவர் குமரன் போளூர்க்காரர். எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்தார், என்னைக் கட்டிக்கொண்டார், வேலை அனுமதி முடிந்ததும் ஊர் திரும்பினார். நானும் இரண்டு பெட்டிகளோடு பின்னாலேயே வந்துவிட்டேன். மாமியார் தங்கமானவர், அடுப்பை மட்டும் விட்டுத்தர மாட்டார். வந்த புதிதில் ஒருநாள் ஆசையாகப் பெலாச்சான் வறுத்தேன். அந்த இறால் வாடைக்குத் தெருவே மூக்கைப் பிடித்தது. அதன்பிறகு நான் சமையலறையில் வெங்காயம் உரிக்கிறவள், அவ்வளவுதான். தமிழ் பேசுகிற ஊர்தானே, என்ன கஷ்டம் என்று மலேசியாவிலிருந்து தோழிகள் போனில் கேட்கிறார்கள். பேச்சு புரிகிறது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

நான் வாடிக் கிடப்பதைப் பார்த்துத்தான் குமரன் ஞாயிறுதோறும் பைக்கை எடுத்தார். மலை என்றதும் எங்கள் நாட்டுக் கேமரன் மலையை நினைத்துக்கொண்டு குளிராடையோடு கிளம்பிய அறிவாளி நான். வழியெல்லாம் பாறையும் முள்ளும் வெயிலும்தான். ஒரு குரங்கு என் வாழைப்பழப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பைக் மூச்சு வாங்கியது, நான் இறங்கி நடந்தேன். இன்னொரு வாரம், ஜமுனாமரத்தூருக்கு முன்னால் மழை பிடித்துக்கொள்ள, சாலையோரம் ஓடு போட்ட ஒரு வீட்டில் ஒதுங்கினோம். அது செல்வியின் வீடு. என் வயதுதான். கணவர் திருப்பூரில் வேலை செய்ய, அவள் மட்டும் சாமை விதைத்து, இரண்டு பலா மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்ட பின்னும் எங்களை விடவில்லை. "சாப்ட்டு போங்க, மலை எங்கயும் போயிடாது" என்றாள். அன்றிலிருந்து மல்லிகா அக்காவுக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. செல்வி வூட்டுக்கு.

அப்புறம் அம்மா இறந்துபோனாள். தம்பி காலையில் சொன்னான், மறுநாள் மதியம் எடுத்துவிட்டார்கள். எனக்கு டிக்கெட் கிடைத்ததோ மூன்றாம் நாளுக்கு. இனிப் போய் என்ன செய்ய என்று நானே வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன். மொட்டை மாடியில், காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று, போனில் சவ அடக்கம் பார்த்தேன். தம்பி போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தான். அம்மாவின் பாதங்களும், குறுக்கே போய்வருகிறவர்களின் கால்சட்டைகளும்தான் தெரிந்தன. நடுவில் இணைப்பு போனது. மறுபடி வந்தபோது கூடத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

"கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளுதாம்மா தீட்டு" என்று மாமியார் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். அவர் அறிந்த முறை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே யார் வீட்டில் சாவு என்றாலும் பெண்கள் கூட்டமாக வந்து, கட்டிப்பிடித்து அழுது துக்கம் கேட்டுவிட்டுப் போவார்கள். என்னிடம் ஒருவரும் வரவில்லை. பிணம் விழாத தெருவில் துக்கம் கேட்க யாருக்குத் தோன்றும்? நாலாம் நாள் நான் வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்கு அதுவே வசதியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து செல்வியின் ஊரில் திருவிழா. வீட்டுக்கு ஒரு பானை என்று பெண்கள் கோயில் முன்னால் சாமைப் பொங்கல் வைப்பார்கள். "உனக்கும் ஒரு அடுப்பு புடிச்சி வெச்சிகீறேன்" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நான் இந்த நாட்டுக்கு வந்து எனக்கென்று கிடைத்த முதல் அடுப்பு அது. பைக்கில் ஏறும்போது குமரன் மெதுவாகச் சொன்னார். "அங்க அம்மா சமாச்சாரம் சொல்ல வேணாம். மூணு நாள் முடிஞ்சி போச்சில்ல." நானும் தலையாட்டினேன். எனக்கு அந்த அடுப்பு வேண்டியிருந்தது. அதற்காக என் அம்மாவை ஒருநாள் மறைத்துவைக்கத் துணிந்தேன்.

மூன்று கல்லை நானே தூக்கிவைத்தேன், நானே பற்றவைத்தேன். புகை கண்ணைக் கரித்தது. பக்கத்து அடுப்புப் பெண்கள் என் பானையைப் பார்த்து, "மலேசியாக்கா, தீயக் கொற" என்று கேலி செய்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். தண்ணீர் கொதித்து, சாமை அரிசியைப் போட்டு முடித்தபோது செல்வி தன் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்டியே நில்லுக்கா. ஒரு போட்டோ புடிக்கிறேன். உங்கம்மாக்கு அனுப்பு. பொண்ணு மலையில பொங்க வெக்கிறத பாக்கட்டும்."

சரி என்று சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை.

"அம்மா இல்ல செல்வி. போய் இருபத்து மூணு நாள் ஆச்சு."

அவள் கை அப்படியே இறங்கியது. பக்கத்து அடுப்புப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து, "பெத்தவங்க போனா எங்களுக்கு ஒரு வருஷம்மா. கோயில் காரியம் எதுவும் ஆவாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யாரோ என் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, கற்களைக் கலைத்தார்கள். பாதி வெந்த பானையோடு நான் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கப் பலா மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். குமரன் தலையைக் குனிந்தபடி பைக்கருகே நின்றார். சொல்லாதே என்றவர் அவர், மறைத்தவள் நான்.

பறை மறுபடி அடிக்கத் தொடங்கியபோது செல்வி தன் பானையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தாள்.

"என்னத் தொடாத செல்வி. நீ திரும்பிப் போவணும்" என்றேன்.

"தல முழுவிட்டுப் போய்க்கிறேன். போவ முடியலன்னா அடுத்த வருசம் வெக்கிறேன்." என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்டி போனாங்க? யாரு கொள்ளி வெச்சாங்க? நீ மொகத்த பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன். கால்களைத்தான் பார்த்தேன் என்றேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் அம்மாவை ஒருநாளும் பார்த்திராதவள், பெற்றவளைப் பறிகொடுத்தவள் மாதிரி குரலெடுத்து அழுதாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. கோயில் பக்கமிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். எனக்குத் துக்கம் கேட்க ஆள் வந்துவிட்டது. என்னைத் திருவிழாவிலிருந்து எழுப்பி அனுப்பிய ஊர்தான் என்னை மகளாக மதித்தது.

பானையை அவள் கொட்டவிடவில்லை. மரத்தடியிலேயே வேறு கல் வைத்து வேகவைத்தாள். "சாமிக்குத்தான் ஆவாது. உங்கம்மாக்கு ஆவும்" என்று சொல்லி, ஒரு தையல் இலையில் சூடாக ஒரு கரண்டி வைத்து என் கையில் கொடுத்தாள்.

"அவங்க ஊருப் பக்கமாப் பாத்து வெச்சிக் கும்புடு. எந்தப் பக்கம்?"

நான் எழுந்து நின்றேன். எதிரே பறை முழங்கியது, பின்னால் காடு. குமரன் போனை எடுத்துப் பார்த்தார், அங்கே சிக்னல் இல்லை. வெயிலைப் பார்த்து இந்தப் பக்கமாக இருக்கலாம் என்று ஒரு திசையைக் காட்டினார், பிறகு அவருக்கே சந்தேகம் வந்து கையை இறக்கிக்கொண்டார். முப்பத்து மூன்று வருடம் வாழ்ந்த ஊர். கையில் இலை சுட்டுக்கொண்டிருக்க, அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் அந்தச் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.