மனைவி தலையாட்டிய மொழி

அவர் மொழி ஆய்வாளர். மனைவியின் தாய்மொழி வேறு. அதற்கு எழுத்தும் கிடையாது, புத்தகமும் கிடையாது. அதை உலகத்துக்கு விளக்கும் பாரம் தன் தலையில் விழுந்துவிட்டதாகக் கல்யாணமான கையோடு அவர் முடிவுகட்டினார். யாரும் தூக்கி வைக்கவில்லை. அவராகவே குனிந்து கொடுத்தார்.

ஆராய்ச்சிக்கூடம் அடுப்படிதான். அந்த மொழி பேசுகிறவர்கள் பஸ் போகிற தூரத்தில் ஊர் நிறைய இருந்தார்கள். போனால் செருப்பில் சேறு ஒட்டும். ஆகவே முக்காலியில் உட்கார்ந்து, பதிவுக் கருவியை உப்பு டப்பாமேல் வைத்து, அந்த மொழியில் தானே ஒரு வாக்கியத்தைக் கோத்துக் கேட்பார்.

“மரத்திலேருந்து விழுந்த கிழவன் கடிச்ச நாய் நேத்து சிரிச்சுது. இப்படிச் சொல்லலாமா?”

அடுப்பில் பால் பொங்கி வரும். “சொல்லலாங்க.”

இப்படியே பொங்கிப் பொங்கி, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் ஆயிற்று.

பேராசிரியர் பதவிக்கு அதுதான் அவருடைய துருப்புச்சீட்டு. தேர்வுக்குழுவோ ஒரு முட்டுக்கட்டை போட்டது: அந்த மொழிக்காரர்கள் இருவர் இயல்பாகப் பேசும் பதிவும் வேண்டுமாம். அவர் உடனே மச்சானை வரவழைத்தார். அண்ணனையும் தங்கையையும் எதிரெதிரே உட்காரவைத்து, புத்தக வாக்கியங்களையே பேசச் சொன்னார். இயல்பு கைமீறிப் போய்விடக்கூடாதல்லவா?

மச்சான் முதல் வாக்கியத்திலேயே தன் மொழியில் வெடித்தார். “ஏன் மாப்ளே, கிழவனா நாயைக் கடிச்சான்? எங்க ஊர்ல எவன் இப்படிப் பேசுறான்?”

“உங்க தங்கச்சிதான் சொன்னா, மச்சான்.”

“சொல்லலாமான்னு கேட்டாருண்ணே, சொல்லலாம்னேன். யாராவது சொல்லுவாங்களான்னு கேக்கவே இல்லையே!”

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கருவி ஓடிக்கொண்டே இருந்தது.

மானமுள்ளவன் என்றால் புத்தகத்தைப் பரண்மேல் போட்டிருப்பான். இவர் அந்தப் பதிவையே குழுவுக்கு அனுப்பினார். அங்கே ஒருவருக்கும் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. மொழிபெயர்ப்பையும் இவரே எழுதினார்: ‘பழைய கதையொன்றை நினைத்து இருவரும் மகிழ்கிறார்கள்.’ பேச்சில் என்ன உயிரோட்டம் என்று குழு உருகிப்போனது. பதவி கிடைத்தது.

உத்தரவைக் கையில் பிடித்தபடி நேரே அடுப்படிக்கு வந்தார்.

“இனிமே உன்னைப் பேராசிரியர் பெண்டாட்டின்னு சொல்லலாமா?”

அவள் பாலை இறக்கி வைத்தாள். “சொல்லலாங்க.”

யாராவது சொல்லுவார்களா என்று அவர் இப்போதும் கேட்கவில்லை.