ஊர் மாறப் புறப்பட்ட ஓட்டல்

இருபத்துநாலு எருதுகள் ஓட்டலை இழுத்துக்கொண்டு போனபோது எப்சிபா டகெட் அதற்குள்ளே நின்று பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தாள். மாடியில் இடிதாங்கி விற்கிற ஒருவன் படுத்திருந்தான். வாரத்துக்கு வாடகை கொடுத்தாயிற்று, வீடு எங்கே போனாலும் கட்டில் என்னுடையது என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட ஆள். 1887 ஜனவரி, நெப்ராஸ்கா சமவெளி, முழங்கால் அளவு பனி. இரண்டு நீளமான மரத்தடிகள்மேல் ஏறிக்கொண்டு, புகைபோக்கியில் புகை விட்டபடி, அந்த இரண்டு மாடி வீடு ஏதென்ஸ் என்ற ஊரிலிருந்து லிபர்ட்டி என்ற ஊருக்கு வழுக்கிக்கொண்டு போனது.

எப்சிபா, சுருக்கமாக எப்சி, ஒஹையோக்காரி. அவள் புருஷன் ஓரின் ஒரு ரயில் கம்பெனி அச்சடித்த புத்தகத்தைப் படித்துவிட்டு அவளை இங்கே அழைத்துவந்தான். நெப்ராஸ்கா மண்ணில் கைத்தடியை ஊன்றினால் காலையில் துளிர்விடும் என்று அதில் போட்டிருந்தது. ஓரின் ஊன்றிப் பார்த்தான். தடி தடியாகவே இருந்தது. அடுத்த கோடையில் வெட்டுக்கிளி வந்து கோதுமையைத் தின்றது, மண்வெட்டியின் பிடியைத் தின்றது, கொடியில் காய்ந்த எப்சியின் பச்சைச் சால்வையையும் தின்றது. ஆறு வாரத்தில் தங்கத்தோடு வருகிறேன் என்று பிளாக் ஹில்ஸுக்குப் போன ஓரின் இரண்டு வருஷமாக வரவில்லை. அங்கே ஒரு விதவையோடு குடித்தனம் நடத்திக்கொண்டு பல் பிடுங்கிப் பிழைக்கிறான் என்று சேதிதான் வந்தது. எப்சி அவன் செத்துவிட்டதாக ஊருக்கு அறிவித்தாள். பாதிரியார் ஜெபம் செய்தார். அக்கம்பக்கத்தார் கேக் கொண்டுவந்தார்கள். அவள் அழவில்லை. கேக் நன்றாக இருந்ததாகப் பின்னால் சொன்னாள்.

அப்புறம் ஏழு வருஷம் ஏதென்ஸில் கண்டவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டுத்தான் அந்த ஓட்டலைக் கட்டினாள்.

ஏதென்ஸ் என்றால் பதினாலு வீடு, மூன்று சாராயக்கடை, கூரை போடாத ஒரு தேவாலயம். எட்டு மைல் தள்ளி லிபர்ட்டி. பதினாறு வீடு, இரண்டு சாராயக்கடை, நாலு பேர் சேர்ந்து ஊதுகிற ஒரு பேண்டு வாத்தியம். மாவட்டத் தலைநகர் எது என்பதில் இரண்டுக்கும் ஜென்மப் பகை. கோர்ட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ரயில் நிற்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். தேர்தல் வைத்தபோது தொண்ணூறு பேர் வாழ்ந்த ஏதென்ஸில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு விழுந்தது. லிபர்ட்டிக்காரர்கள் அறுநூற்று முப்பது போட்டார்கள். அதில் இரண்டு கோவேறு கழுதைகளும் சேர்த்தி என்று ஏதென்ஸ் தரப்பு சத்தியம் செய்தது. முடிவில் மாவட்டத்துக்கு இரண்டு நீதிபதி, இரண்டு ஷெரிப். பத்திரப் பதிவுப் புத்தகங்களை வாரம் ஒரு ஊர் திருடிக்கொண்டு போகும்.

எப்சிக்கு இந்தச் சண்டையில் எந்த அக்கறையும் இல்லை. அவளுக்குப் பிரச்சினை பன்றி. ஏதென்ஸ் மேயரின் பன்றிகள் அவள் ஓட்டலுக்கு அடியில் புகுந்து குட்டி போட்டுக் குடும்பம் நடத்தின. புகார் கொடுத்தாள். மேயரும், மேயரின் மச்சினனும், நாவிதனும் கூடி ஆலோசித்து, பன்றிகள்தான் முதலில் வந்தவை என்று தீர்ப்பு சொன்னார்கள்.

மறுவாரமே லிபர்ட்டியிலிருந்து கர்னல் டில்ஃபர் வந்து இறங்கினார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ரொட்டி வண்டி ஓட்டியவர். அவரைக் கர்னல் ஆக்கியது யார் என்று யாருக்கும் தெரியாது.

"மிசஸ் டகெட், லிபர்ட்டியில மெயின் ரோட்டு முனை இடத்தை உங்களுக்குன்னே விட்டு வச்சிருக்கோம். ஓட்டலோட கிளம்பி வந்துடுங்க."

"அங்க பன்னி இருக்கா?"

"இருக்கு. ஆனா எல்லாம் வேலிக்குள்ள."

"அப்போ இந்த ஊரைவிட அது நாகரிகமான ஊருதான். எருது கொண்டாங்க."

இப்படித்தான் வீடு கிளம்பியது. எப்சியிடம் வேலை பார்த்த லுட்மிலா என்ற, ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பொகீமியாக்காரப் பெண் மட்டும் உள்ளே உட்கார மாட்டேன் என்று பக்கத்திலேயே நடந்து வந்தாள். நாலு மைல் போவதற்குள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீச ஆரம்பித்தது. பனி இளகியது. ஒரு பள்ளத்தில் இறங்கிய வீடு வாசற்படி வரை சேற்றில் உட்கார்ந்துகொண்டது. எருதுகள் முழங்கால் போட்டன. இடிதாங்கிக்காரன் மாடி ஜன்னலைத் திறந்து, "இதுதான் லிபர்ட்டியா? ரொம்பப் பெருசா சொன்னாங்களே," என்றான்.

கர்னல் வந்து குதிரைமேல் இருந்தபடியே பொறுமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மார்ச்சில் வந்து இழுத்துக்கொள்கிறோம் என்றார். மார்ச் வந்தது. கர்னல் வரவில்லை. முனை இடத்தை அவர் தன் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாக வழிப்போக்கன் ஒருவன் சொன்னான்.

எப்சி கர்னலின் வம்சத்தையே திட்டி ஓய்ந்தபின் ஆள் வைத்து ஒரு கிணறு வெட்டினாள். பலகையில் 'சாப்பாடு, படுக்கை' என்று இரண்டு பக்கமும் எழுதி நட்டாள். இரண்டு ஊருக்கும் நடுவில் வேறு கூரை கிடையாது. இரண்டு ஊர்க்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே அறையில் சாப்பிட்டார்கள்.

ஏப்ரலில் ரயில் வேலை வந்து சேர்ந்தது. தண்டவாளத்துக்கு மண்மேடு போடுகிற நூற்றிருபது ஆட்கள் அரை மைல் தூரத்தில் கூடாரம் அடித்தார்கள். அயர்லாந்துக்காரர்கள், சுவீடன்காரர்கள், எங்கேயும் வேலை கிடைக்காமல் வந்தவர்கள். காண்ட்ராக்டர் ஹோரஸ் லம்லி. அவன் முகாமில்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கூலியில் பிடித்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தாடிக்காரன் ஒருவன் தட்டில் ஒரு கறித்துண்டைக் கொண்டுவந்து எப்சியின் மேசைமேல் வைத்தான். பெயர் மார்ட்டின் ஸ்கேலி.

"அம்மா, இது என்ன பிராணின்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? எங்களுக்குள்ள பந்தயம்."

எப்சி குனிந்து மோந்துபார்த்தாள். "என்னன்னு தெரியலப்பா. ஆனா யாரும் வெட்டி இது சாகல. தானாவே செத்திருக்கு. அதுவும் போன மாசமே."

ஸ்கேலி சிரித்தபடி உட்கார்ந்து ஆறு முட்டை சாப்பிட்டான். மறுநாள் இருபது பேர் வந்தார்கள். அந்த வாரமே லம்லியும் வந்தான்.

"என் ஆளுங்களுக்கு நீ சாப்பாடு போடக்கூடாது."

"ஏன்? பசி உனக்குச் சொந்தமா?"

"உன்னை இங்கேருந்து கிளப்ப எனக்கு எவ்வளவு நேரமாகும்னு நினைக்கற?"

"இருபத்துநாலு எருதாலேயே முடியல. நீ முயற்சி பண்ணு."

டகெட் ஓட்டலில் சாப்பிட்டால் சீட்டுக் கிழியும் என்று லம்லி முகாமில் அறிவித்தான். அடுத்த நாள் காலை ஸ்கேலியும் பதினோரு பேரும், எல்லோர் கண்ணிலும் படும்படி, அவள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து சோள ரொட்டி சாப்பிட்டார்கள். பன்னிரண்டு பேர் சீட்டும் கிழிந்தது. மத்தியானத்துக்குள் மிச்ச நூற்றியெட்டுப் பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். கெட்ட கறியை முன்னிட்டு ஆரம்பித்த ஸ்ட்ரைக் ஒன்பது நாள் நடந்தது.

லம்லி லிபர்ட்டி ஷெரிப்பைக் கூட்டிவந்தான். அவர் எப்சியைக் கைது செய்ய உள்ளே நுழைந்தபோது ஏதென்ஸ் ஷெரிப் மூலையில் இரண்டாவது தட்டுக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தம்மாவைப் பிடிக்கணும்னா நான்தான் பிடிக்கணும்," என்றார் ஏதென்ஸ் ஷெரிப், வாயைத் துடைத்துக்கொண்டு.

"உன்னை யாருய்யா ஷெரிப் ஆக்கினது? சுடுகாட்டுல இருக்கற ஓட்டா?"

"உன்னைக் கழுதை ஓட்டுதானே ஆக்கிச்சு!"

இரண்டு பேரும் வாசலில் கட்டிப் புரண்டார்கள். எப்சி கழுநீர் வாளியைக் கவிழ்த்து அவர்களைப் பிரித்தாள். கைது நடக்கவில்லை. லிபர்ட்டி ஷெரிப் மட்டும் ஒரு பல்லைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பின்னால்தான் சிரிப்பு குறைந்தது. ஐந்தாம் நாள் பகலில் லம்லியின் காவலாளி ஒருவன் சமையலறை ஜன்னல் வழியாகச் சுட்டான். குண்டு லுட்மிலாவின் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க் காபிக் கெண்டியைத் துளைத்தது. எப்சி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷப் பாடு ஒரு தீக்குச்சியில் போய்விடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்கள் யார், எனக்கு என்ன உறவு, கதவைச் சாத்திவிட்டால் என்ன என்றுகூட நினைத்தாள். அதைச் சொல்லவும் சொன்னாள்.

"சாத்தலாம், மிசஸ்," என்றாள் லுட்மிலா. "ஆனா இப்ப சாத்தினா சுட்டதாலதான் சாத்தினோம்னு அவன் நினைப்பான்."

எப்சி எழுந்தாள். ஒழுகுகிற கெண்டியைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்தாள். லம்லியின் கூடாரத்துக்குள் போய் அவன் வரைபடங்களின்மேல் அதை வைத்தாள்.

"உன் ஆளு சுட்டது. இதை அடைச்சுக் குடு."

வரைபடத்தில் பாதி மாவட்டம் காபியில் மூழ்கியது.

மாவு தீர்ந்தபோது லுட்மிலாவின் சித்தப்பா வண்டி நிறைய உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து மற்ற பொகீமியாக்கார விவசாயிகளும் வந்தார்கள். அவர்கள் கோதுமையை ஏற்றிப் போகிற ரயில் கம்பெனி விளைச்சலில் பாதியைக் கூலியாகவே விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு எரிச்சல் உண்டாகும் என்றால் ஒரு தோட்டத்தையே பிடுங்கித் தர அவர்கள் தயார். ஒன்பதாம் நாள் ஒமாஹாவிலிருந்து லம்லி இறக்கிய நாற்பது புது ஆட்கள் பட்டினியாக வந்து சேர்ந்தார்கள். முகாமில் அடுப்பு எரியவில்லை. லம்லியின் சமையல்காரனே மூன்று நாளாக எப்சியிடம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புது ஆட்களில் பாதிப் பேர் வாசனை பிடித்து அங்கே போனார்கள், விஷயத்தைக் கேட்டார்கள், மண்வெட்டியைத் தொடவில்லை.

லம்லிக்கு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கியது. யார் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம், கூலியில் பிடிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டான். ஸ்கேலியையும் இன்னும் நாலு பேரையும் மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் பெயர்கள் எல்லா ரயில் கம்பெனிக்கும் தபாலில் போயின.

ஸ்கேலி மேற்கே நடந்தே கிளம்பினான். எப்சி ஒரு மூட்டை ரொட்டி கொடுத்தாள்.

"எங்க போவ?"

"பேரு கேக்காத இடமா பாத்துப் போகணும்மா. இல்லன்னா வேற பேரு வச்சுக்கறேன். நல்ல பேரா ஏதாவது சொல்லுங்களேன்."

"ஓரின் டகெட்னு வச்சுக்கோ. அந்தப் பேருல இப்ப யாரும் உயிரோட இல்ல."

அவன் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு லுட்மிலாதான் சமைத்தாள்.

ஜூனில் ரயில் கம்பெனி ஸ்டேஷன் எங்கே என்று அறிவித்தது. ஏதென்ஸும் இல்லை, லிபர்ட்டியும் இல்லை. எப்சியின் ஓட்டலுக்கு ஐந்து மைல் தெற்கே, கம்பெனியின் சொந்த நிலத்தில், ஒரு டைரக்டரின் மகள் பெயரில் கிளாரிசா என்று ஒரு புது ஊர். மேயரும் கர்னலும் அன்று எப்சியின் ஓட்டலில் முதல் தடவையாக ஒரே மேசையில் உட்கார்ந்து கம்பெனியைத் திட்டினார்கள். அறுவடை முடிவதற்குள் இரண்டு ஊரையும் உருளைக் கட்டைகள்மேல் ஏற்றிக் கிளாரிசாவுக்கு இழுத்துப் போய்விட்டார்கள். பத்திரப் புத்தகங்களைத் திருட இனி யாருமில்லை. எப்சியும் போனாள். இந்தத் தடவை ஆகஸ்டில், காய்ந்த தரையில். அங்கே ஓட்டல் நடத்தும் உரிமை கம்பெனிக்கு மட்டும்தான் என்று நில ஏஜெண்டு சொன்னான். இது ஓட்டல் இல்லை, எனக்குச் சொந்தக்காரர்கள் அதிகம் என்றாள் அவள்.

தொண்ணூற்றிநாலில் நாடு முழுக்க ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கிளாரிசாவில் ஒரு வண்டி ஆறு நாள் நின்றுபோனது. கம்பெனி ஓட்டலில் சமையற்காரர்களும் ஸ்ட்ரைக். பயணிகள் எப்சியிடம் வந்தார்கள். அவர்களில் முதல் வகுப்பில் வந்த ஒரு சீமாட்டியும் உண்டு. அவள் புருஷன் ஏதோ ஒரு ரயிலின் டைரக்டர். சாப்பாட்டு மேசையில் எண்ணெய்க் கறை படிந்த பிரேக்காரர்கள், ரயிலுக்குப் பிரேக் போடுகிற ஸ்ட்ரைக் ஆட்கள், வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"எனக்குத் தனியா மேசை வேணும்."

"தனி மேசை இல்லம்மா. தனிப் பசி இருந்தா சொல்லுங்க, பாக்கறேன்."

சீமாட்டி நின்று பார்த்தாள். பீன்ஸ் வாசனை அவளுக்கும்தான் வந்தது. ஒரு பிரேக்காரன் நகர்ந்து இடம் விட்டு, பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்தான். கைக்குட்டை பெஞ்சைவிட அழுக்கு. அவள் உட்கார்ந்தாள். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆறாம் நாள் பட்டாளம் வந்து வண்டியைக் கிளப்பியது. கிளாரிசாவில் பதினேழு பேருக்கு வேலை போனது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் நாலு பேர் அதில் உண்டு.

பட்டாளத்துக் கேப்டன் ஐம்பது பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று ஆள் அனுப்பினான். அடுப்பில் விறகு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அடுப்பு அணைந்துவிட்டது என்று எப்சி சொல்லி அனுப்பினாள்.