செம்புக் குடுவைக்கு வைத்த பொட்டு

அன்று கங்கைகொண்டானில் எங்கள் பட்டறையில் நான்கு பேர் இருந்தோம்: முதலாளி அண்ணாச்சி, மேலப்பாளையத்திலிருந்து வந்து மில்லிங் மெஷின் ஓட்டும் பாய், ஆய்வுக்கூடத்து மேடம், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லேத்துக்கு வந்த நான்.

மேடம் கேட்டிருந்தது ஒரு செம்புக் குடுவை. அதற்குள்ளிருந்துதான் எலெக்ட்ரான்கள் கூட்டமாகப் புறப்படுமாம். கடைசிவரை சிதறாமல் நெருங்கி ஓடினால்தான் எக்ஸ்ரே லேசர் ஒளி பிறக்கும். உட்சுவரில் ஒரு கீறலோ விரல் ரேகையோ இருந்தால் பொறி பறந்து கற்றையே கெட்டுவிடும். இது தேறினால் மீதிக் குடுவைகளைச் செய்யும் வேலையும் எங்களுக்கு. தேறாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தும்மல் வந்தால்கூட வாசலுக்கு ஓடினேன்.

மேடம் வந்ததும் பெட்டியைத் திறந்தேன். குடுவையின் மேல் சந்தனம், குங்குமம்! எந்த வேலை முடிந்தாலும் அண்ணாச்சி பொட்டு வைத்துத்தான் அனுப்புவார். இதற்கும் வைத்துவிட்டார். அவர் பக்கம் திரும்பினேன்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீயளே!"

"புதுப் பொருள மொட்டையாவா அனுப்புவாவ?"

"எலெக்ட்ரானுக்குக் கண்ணு பட்டுரும்னு பயந்துட்டாருலே" என்றார் பாய்.

மேடம் குனிந்து பார்த்தார். அவர் போனில் சொன்னபடி குடுவையின் வாயில் நான் சுற்றியிருந்த அலுமினியத் தாள் பிரியாமல் இருந்தது. பொட்டு வெளிப்பக்கம் மட்டும்தான். அதைத் துடைத்துவிட்டுத் தாளைப் பிரித்தார். டார்ச் அடித்து உட்சுவரைப் பார்த்தார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, ரேடியோ அலை சரியாகப் பொருந்துகிறதா என்று மடிக்கணினியில் சோதித்தார். திரையில் கோடு திடீரென்று பள்ளமாக இறங்கியது.

"ஐயோ, இறங்கிட்டே!" என்றேன்.

மேடமும் எங்கள் பக்கத்துப் பாபநாசத்துக்காரர்தான். சிரித்துவிட்டார். "எங்கன இறங்கணுமோ அங்கனதான் இறங்கியிருக்கு. மீதியையும் நீங்களே செய்ங்க."

"நல்லாப் பாத்தீயளா மேடம்? இன்னொருக்க…"

"இன்னொருக்க கேட்டீயன்னா நானே ஒரு கீறல் போட்டுருவேன்."

அண்ணாச்சி என் முதுகில் அடித்த அடியில் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. குடுவையைக் கட்டி முடித்ததும் மேடத்தைக் கேட்டுக்கொண்டு, மரப்பெட்டியின் மேல் பெரிய பொட்டாக வைத்தார். பாய் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்ச் சூடாக அல்வா வாங்கி வந்தார். நெய்க்கையோடு யாரும் கிட்டே வந்துவிடாதபடி பெட்டியை மறித்து நின்றே என் பங்கைத் தின்றேன். அத்தனை ருசியாக அல்வா தின்றதில்லை.

அல்வாக் காசைக் கொடுத்தால் பாய் வாங்க மாட்டேன் என்கிறார். "எல்லாக் குடுவையும் முடியட்டும்லே, சேத்து வாங்கிக்கிடுதேன்."

அவருக்கு நான் தர வேண்டியது, நூற்று முப்பது ரூபாய்.