நாலு சக்கரத்திலும் சூடு

"வாயை மூடிக்கிட்டு உட்காரு மச்சான்! கோளாறு வண்டியிலயா, உன் வாயிலயா? நீ சொல்றதையே கேட்டுக்கிட்டிருந்தா நான் எப்ப வண்டியைப் பார்க்கிறது?"

அக்காள் புருஷனிடமே இப்படிப் பேசுகிறவன் மற்றவர்களிடம் எப்படிப் பேசுவான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இவன் என் வீட்டின் கீழ்ப்பகுதியில் பட்டறை வைத்திருக்கிறான். பிரேக் வேலை மட்டும்தான் செய்வான். தெருவில் எல்லாருக்கும் இவன் மூக்கன். மூக்கு பெரிது என்பதற்காக மட்டும் வந்த பெயர் இல்லை, அதை வைத்துத்தான் பிழைக்கிறான்.

வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, கருகல் நாற்றம் அடிக்கிறது என்று யாராவது வந்து ஆரம்பித்தால் இவன் கையை நீட்டுவான். சாவிக்கு. அப்புறம் ஓரத்தில் கிடக்கும் கால் ஆடும் நாற்காலியைக் காட்டுவான். வண்டிக்காரர் அதில் உட்கார வேண்டும், கூட வரக்கூடாது. இவனே ஏறி, பிரேக்கைக் கூடியமட்டும் தொடாமல் பெரிய ரோட்டைச் சுற்றிவிட்டு வருவான். இறங்கியதும் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்டே புறங்கையைக் கொண்டுபோவான். கூடவே மூக்கும் போகும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் முகம் மலர்ந்துவிடும். "இங்கதான்! மைக்கைப் பிடிச்ச ஆள் மாதிரி, பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது" என்பான். துருவேறி இறுகிய பிஸ்டனோ, உள்ளுக்குள் ஊதிப்போன ரப்பர் குழாயோ, ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து வெளியே எடுத்துப் போட்டுவிடுவான்.

வேலையில் சுத்தம். ஆளில் இல்லை. கறுப்புப் பிடித்த கையோடு என் மாடிப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறுவான். திட்டினால், "இருக்கட்டும் பெரியம்மா, சுவத்துக்கு ஒரு டிசைன்" என்பான். ஒருநாள் துடைப்பத்தை எடுத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கினான்.

மச்சான் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறார். பாவப்பட்ட மனுஷர். மூக்கன் புதிதாக வாங்கிக் கொடுத்த கனத்த பூட்ஸை வீட்டு வாசலில்தான் கழற்றுவார். காலுக்கு அது பொருந்துகிறதோ இல்லையோ, மைத்துனன் மனசு நோகக்கூடாதாம்.

அந்த வேனின் நாலு சக்கரமும் சூடேறிப் புகைந்தது. மூக்கன் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினான், ஓட்டிப் பார்த்தான். சக்கரம் ஜில்லென்று இருந்தது. மச்சான் கொண்டுபோனார், புகையோடு திரும்பி வந்தார். மறுபடி கழற்றினான். பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினான். இவன் ஓட்டினால் ஒன்றுமில்லை. அவர் ஓட்டினால் புகை. இன்னொரு தடவை நடுரோட்டில் புகைந்தால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அக்காள்காரி பட்டறை வாசலில் வந்து நின்றாள். "ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் உன் கை பட்டா சரியாகுது. என் புருஷன் வேலை போகப்போற நேரத்துல மட்டும் உனக்குக் கை ஓடலியாடா?"

அன்று மூக்கன் சாப்பாட்டு டப்பாவையே திறக்கவில்லை. "நான் ஒரு தடவை ஓட்டிக் காட்டறேனே" என்று மச்சான் மெதுவாகத் தொடங்கியபோதுதான் முதலில் சொன்ன அந்தக் கத்தல்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாடியிலிருந்து குனிந்து கேட்டேன்.

"ஏண்டா, உன் மச்சான் வண்டியை எடுத்துக்கிட்டுப் போறப்ப பின்னாடி சிவப்பு விளக்கு தெருமுனை வரைக்கும் அணையறதே இல்ல. நீ ஓட்டினா அணையுது. அது என்னடா, விளக்குக்கு ஆள் தெரியுமா?"

மூக்கன் அண்ணாந்து பார்த்தான். கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். பிறகு, நான் பார்த்து இவன் செய்யாத ஒன்றைச் செய்தான். சாவியை மச்சான் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

போன சுருக்கில் திரும்பினார்கள். கதவு திறப்பதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது.

"காலை எடு மச்சான்! பிரேக் என்ன குழந்தை கன்னமா, தடவிக்கிட்டே இருக்க?"

"நான் எங்கடா அதைத் தொட்டேன்? ஆக்சிலேட்டர்லதானே கால் இருக்கு!"

"குனிஞ்சு பாரு!"

கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்ததாம். பூட்ஸின் அகலமான விளிம்பு பக்கத்துப் பிரேக்கையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்ததாம். செங்கல் மாதிரி அடி. உள்ளே இருக்கிற காலுக்கு என்ன தெரியும்?

"எந்தப் புத்திசாலிடா இதை வாங்கிக் கொடுத்தான்?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"நல்ல பூட்ஸ்தான் பெரியம்மா, மழைக்கு ரொம்ப நல்லது" என்றார் மச்சான். அப்போதும் அவனை விட்டுக்கொடுக்கவில்லை.

மூக்கன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனான். மெல்லிய அடி வைத்த துணி ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தான். மச்சான் முன்னால் குந்தி, சக்கரம் கழற்றுகிற அதே கவனத்தோடு பூட்ஸைக் கழற்றினான். அவர் காலைத் தன் முழங்கால்மேல் வைத்துப் புது ஷூவை மாட்டி, கயிறு கட்டிவிட்டான்.

"போயிட்டு வா மச்சான். பெரிய ரோட்டைச் சுத்திட்டு வா."

வண்டி நகர்ந்தது. எதிர்வீட்டைத் தாண்டுவதற்குள் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. மூக்கன் அந்தக் கால் ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். வண்டி திரும்பி வந்ததும் எழுந்துபோய் நாலு சக்கரத்துக்கும் புறங்கையைக் கொண்டுபோனான், மூக்கையும் கொண்டுபோனான். நாலும் ஜில்லென்றுதான் இருந்தன, ஆனாலும் கடைசிச் சக்கரத்தில் கை அப்படியே நின்றது. முகத்தை மட்டும் எங்களுக்குக் காட்டவில்லை.

"மாஸ்டர் சிலிண்டரையே மாத்தினியே, இந்த ஷூ என்ன விலைடா?" என்றேன்.

"நூத்தியெம்பது பெரியம்மா."