நொய்யலில் வந்த புதுத் தண்ணீர்

நொய்யல் எங்கே பிறக்கிறது, எங்கே போய்க் காவிரியில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த அறிவை எதற்குப் பயன்படுத்தினேன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். வெள்ளியங்கிரி மலையில் மழை பிடித்தால் பேரூரில் இருந்த சிநேகிதன் போன் செய்வான். அங்கிருந்து கோயமுத்தூர், சூலூர் தாண்டித் தண்ணீர் எங்களிடம் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது எனக்கு அத்துப்படி. வந்ததும், தொட்டியில் தேக்கி வைத்திருந்த சாயக் கழிவை அப்படியே ஆற்றில் திறந்துவிடுவேன். கலங்கி ஓடும் தண்ணீரில் எவன் சாயம் என்று யார் கண்டுபிடிப்பது? முதலாளி தட்டிக்கொடுப்பார். வெட்கங்கெட்டவனுக்கு அது பெருமையாக வேறு இருந்தது.

அதே ஆற்றின் கீழே, வெள்ளகோவில் போகிற பக்கம்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். ஆற்றில் சாயம் ஓடுகிற நாட்களில் அவள் மோட்டார் போட மாட்டாள். மழைத் தண்ணீர் வருகிறதா என்று என்னைக் கேட்டுத்தான் வயலுக்குப் பாய்ச்சுவாள். ஒரு ஐப்பசியில் சின்ன வெங்காயம் நட்டு மூன்றாம் நாள், உயிர்த்தண்ணீர் விட வேண்டிய நாள், காலையில் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, மேல மழைன்னாங்க. புதுத் தண்ணி வருதா? மோட்டாரப் போட்டுறட்டுமா?"

அப்போதுதான் வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்திருந்தேன். ஆற்றில் அன்று பெரிய வெள்ளமும் இல்லை. பக்கத்தில் முதலாளி நின்றார்.

"வருதுங்கக்கா. போடுங்க."

இவ்வளவு தண்ணீரில் கரைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். முதலாளி முன்னால் வாயைத் திறக்கப் பயம், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துப் போனேன். வயல் முழுக்க வெங்காயத் தாள் கருகி மண்ணோடு படிந்து கிடந்தது. அக்கா வழக்கம்போல் வாசலிலேயே சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"கேன் தண்ணிதான், பயப்படாமக் குடி. நீ என்ன கண்ணு பண்ணுவே? நீ சொன்னது நெசந்தான். அதுக்கப்பறம் எவனோ தொறந்து உட்டுப்போட்டான். அவனுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இருக்க மாட்டாங்களாட்ட இருக்குது."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மேற்கே மேகம் கட்டினால் இன்றும் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறாள்.